உயிலில் எழுத முடியாத இரண்டு

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு என் கைப்பேசி அதிர்ந்தது. பள்ளிக்கூட ஆய்வகத்தில் சோதனைக் குழாய்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். கை ஈரமாக இருந்ததால் முதல் அழைப்பை எடுக்கவில்லை. இரண்டாவது முறை எடுத்தேன். எங்கள் உப்பளத்தில் உப்பு வாரும் பெண்களில் ஒருத்தி.

"அக்கா, அண்ணன் வரப்புல உக்காந்துட்டாருக்கா. எழுந்துக்க மாட்டேங்கிறாரு. வாயி ஒரு பக்கமா போவுதுக்கா."

சக ஆசிரியை ஒருவர் தன் ஸ்கூட்டரில் என்னைக் கொண்டுபோய்ச் சாலையோரத்தில் இறக்கிவிட்டார். அங்கிருந்து வரப்பின்மேல் நடக்க வேண்டும். பங்குனி வெயில். இரண்டு பக்கமும் பாத்திகள், அவற்றில் வானம், வானத்துக்கு அடியிலும் வானம். உப்புக் குவியல்கள் தரையைத் தொடாமல் ஓர் அங்குலம் மேலே மிதப்பதுபோல் தெரிந்தன. நான் ஓடினேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அப்படி நினைவில்லை. நான் நின்ற இடத்திலேயே நிற்க, வரப்புதான் எனக்கு அடியில் மெதுவாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

என் கணவர் வரப்பில் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தார். இடது கை பாத்தித் தண்ணீருக்குள் விழுந்து கிடந்தது, வேறு யாரோ அங்கே வைத்துவிட்டுப் போனது மாதிரி. அவருக்குப் பின்னால் எங்கள் மகள் நின்றுகொண்டிருந்தாள். தன் துப்பட்டாவை இரண்டு கைகளாலும் விரித்து அவர் தலைக்குமேல் பிடித்திருந்தாள். கைகள் நடுங்கின. இறக்கவில்லை. அரை மணி நேரமாக அப்படியே நிற்பதாகச் சொன்னார்கள்.

என்னைப் பார்த்ததும், "போலாம்" என்றாள்.

அவளுக்கு இருபத்திரண்டு வயது. பேசும் சொற்கள் இருபதுகூட இராது. பசித்தாலும், பயந்தாலும், ஒன்று பிடித்துப்போனாலும் "போலாம்" தான். பிறந்தபோதே மூளை வளர்ச்சியில் குறை என்று சொல்லிவிட்டார்கள். நான் பள்ளிக்கூடம் போகும் நேரமெல்லாம் அவள் அப்பாவோடு அளத்தில்தான் இருப்பாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. புதுச்சேரியில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். ஸ்கேன், ஊசி, கையெழுத்து, இன்னொரு கையெழுத்து. மாலை நாலரை மணிக்கு நடைபாதையில் ஒரு நர்ஸ் என்னிடம், "கூட வேற யாரும் வரலீங்களா?" என்று கேட்டாள்.

"என் பொண்ணு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் யாரும் இல்லை.

என் மகள் எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. ஐந்து மணி நேரமாகத் தெரியவில்லை என்பதே அப்போதுதான் தெரிந்தது. இருபத்திரண்டு வருடங்களில் அவள் எங்கே என்று எனக்குத் தெரியாத முதல் ஐந்து மணி நேரம் அது. உப்பு வாரும் அந்தப் பெண்ணே அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சோறு போட்டுத் தூங்க வைத்திருந்தாள். போனில் கேட்டபோது, "தூங்குதுக்கா. குழம்பு ஊத்தினா தள்ளிடுச்சு, வெறும் சோறு துன்னுச்சு" என்றாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். இதை எழுதும்போதும் அந்தச் சுவரின் சில்லிப்பு உள்ளங்கையில் இருக்கிறது.

ஆறாவது நாள் வீடு திரும்பினோம். இடது கை மரத்திருந்தது. பேச்சு கொஞ்சம் குழறியது, புரிந்தது. அவர் வந்ததும் முதலில் கேட்டது அந்தக் காகிதத்தைத்தான்.

பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. பதினைந்து வருடங்களுக்கு முன் பத்திரம் எழுதுபவர் ஒருவரிடம் நாங்கள் எழுதி வாங்கிய உயில். எழுதி வைத்துவிட்டதால் அதை மறந்திருந்தோம். மறப்பதற்காகத்தான் எழுதினோமோ என்றுகூட இப்போது தோன்றுகிறது. நான் கட்டிலில் உட்கார்ந்து அவருக்குப் படித்துக் காட்டினேன். வீடு மகனுக்கு. உப்பளத்தில் கிழக்குப் பாத்திகள் அனைத்தும் மகளுக்கு. நான்கெல்லை, வரப்பு, வாய்க்கால் எல்லாம் விவரமாக இருந்தது. கடைசிப் பத்தி இப்படி: 'எங்கள் இருவர் காலத்துக்குப் பின் மேற்படி மகளை, என் உடன்பிறந்த தங்கையானவர் தன் சொந்த மகளாகப் பாவித்து, மேற்படி பாத்திகளின் வருமானத்தைக் கொண்டு ஆயுள் உள்ளவரை பராமரித்து வர வேண்டியது.'

நான் நிறுத்தினேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய அந்தத் தங்கையோடு நாங்கள் பேசி ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

அவள் வானூரில் தையல் கடை வைத்திருக்கிறாள். கணவன் இல்லை. ஒரே பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டாள். சண்டைக்குக் காரணம் நான்தான். என் மகள் பெரியவளானபோது நான் யாருக்கும் சொல்லவில்லை. பந்தல், மைக் செட், வீடு நிறையப் பெண்கள் என்றால் அவள் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். பின்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு நானே தண்ணீர் ஊற்றினேன். எங்கள் பக்கத்தில் முதல் சொம்பு மஞ்சள் தண்ணீரை ஊற்ற வேண்டியவள் அத்தை. அவள் தன் கையாலேயே பாவாடை சட்டை தைத்து வைத்துக்கொண்டு கூப்பிடுவார்கள் என்று இருந்திருக்கிறாள். மூன்று மாதம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் வேறு யாரோ சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. அந்தக் கல்யாணப் பந்தியிலேயே எழுந்து போய்விட்டாள்.

"வேற ஆளைப் போட்டு மாத்தி எழுதிடலாம்" என்றேன்.

"யாரை?" என்றார் என் கணவர். அந்த ஒரு சொல் மட்டும் குழறவில்லை.

முதலில் மகனைக் கூப்பிட்டேன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அப்பா விழுந்த அன்று ஓடி வந்து நான்கு நாள் இருந்துவிட்டுப் போயிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். இயந்திரச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திப் பேசினான்.

"அம்மா, நான் அவளை வுட்டுட மாட்டேன். அது உனக்கே தெரியும். ஆனா நான் அங்க வந்து கூடவே இருந்து பாத்துப்பேன்னு மட்டும் எழுதாத. எழுதி வச்சிட்டு, நான் பண்ணலைன்னா?"

"அவ உன் தங்கச்சிடா."

"அதனாலதாம்மா சொல்றேன்."

நான் போனைத் துண்டித்துவிட்டேன். இரண்டு நாள் அவன் மேல் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் துணி காயப்போடும்போது யோசித்துப் பார்த்தேன். இந்த விஷயத்தில் இதுவரை யாராவது உண்மையைப் பேசியிருந்தால் அது அவன் ஒருவன்தான்.

அளத்தில் அதற்குள் செய்தி பரவியிருந்தது. வேலையை மேற்பார்வை பார்க்க நான் போனபோது பெண்கள் பலகையால் உப்பை இழுத்துக்கொண்டே என்னைச் சீண்டினார்கள்.

"அண்ணன் உயிலு எழுதறாராமே. எங்களுக்கும் ஒரு பாத்தி எழுதி வைக்கச் சொல்லுக்கா."

"உனக்கா? உனக்கு எழுதினா ஒரு மழையில கரைச்சி வுட்டுட்டுப் போயிடுவ."

"கரைஞ்சாலும் எம் பேர்ல கரையட்டும்டி!"

அவர்கள் சிரிப்புக்கு நடுவில் என் மகள் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லோரும் சிரித்து முடித்த பிறகு தனியாகச் சிரித்தாள். அவள் எப்போதும் அப்படித்தான், கொஞ்சம் தாமதமாக. வெளிச்சத்தில் அவள் விளிம்புகள் கரைந்து தெரிந்தன. நான் இல்லாத ஒரு நாளில் இதே வெயில் இதே மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். அந்த நாள் ஏற்கெனவே எங்கேயோ நடந்துகொண்டிருப்பது போலவும், நான் அதைத் தூரத்திலிருந்து பார்ப்பது போலவும் இருந்தது. அந்தப் படத்தில் அவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்றது. முகம் மட்டும் தெரியவில்லை. எத்தனை முறை கண்ணைக் கசக்கினாலும் தெரியவில்லை.

வழக்கறிஞர் வானூரில்தான் இருந்தார். சின்னப் பெண், என் மகனைவிட இரண்டு மூன்று வயது மூத்தவளாக இருப்பாள். பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோவில் போகும்போது அந்தத் தையல் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். என் கணவர் அந்தப் பக்கம் திரும்பாமல் ஓட்டுநரின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் பார்த்தேன். கடை திறந்திருந்தது. உள்ளே இருட்டு. தையல் இயந்திரத்தின் சின்ன விளக்கு மட்டும் மஞ்சளாக எரிந்தது.

வழக்கறிஞர் எங்கள் உயிலை இரண்டு முறை படித்தாள். பேனாவைக் கீழே வைத்தாள்.

"அளம் பட்டாவாங்க?"

"குத்தகைங்க. எங்கப்பா காலத்துலருந்து" என்றார் என் கணவர்.

"கவர்ன்மென்ட் நிலமா?"

"ஆமாங்க. ஆனா எங்களுதுதான்."

அவள் சிரிக்கவில்லை. அது எனக்குப் பிடித்தது. எங்கள் பக்கத்தில் யாரும் அளத்தைக் குத்தகை என்று நினைப்பதில்லை. அண்ணன் தம்பிகள் நடுவில் ஒரு வரப்பு போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது இரண்டு பாத்தியைக் காட்டி இது உனக்கு என்பார்கள். யாரும் யாரிடமும் காகிதம் கேட்பதில்லை. நான் பி.எஸ்சி. வேதியியல் படித்தவள். மாதச் சம்பளம் வாங்குகிறவள். நானும்தான் அந்த நான்கெல்லையைப் படித்துப் பார்த்துச் சரி என்று தலையாட்டினேன்.

"குத்தகையை உயில்ல எழுதி வைக்க முடியாதுங்க. பேர் மாத்தறதுன்னா குத்தகை குடுத்த ஆபீஸ்லதான் மனு போடணும், அவங்கதான் முடிவு பண்ணணும். இது இருக்கட்டும். பொண்ணுக்கு என்ன வயசு?"

"இருபத்திரண்டு."

"மேஜருங்க. அவங்களையும் உயில்ல எழுதி வைக்க முடியாது."

எழுத முடியாதவை இரண்டையும் எடுத்துவிட்டால் அந்தக் காகிதத்தில் மிச்சம் எங்கள் வீடு மட்டும்தான். பதினைந்து வருடமாகப் புடவைக்கு அடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிய காகிதம்.

அவள் பொறுமையாகச் சொன்னாள். வீட்டில் மகளுக்கும் ஒரு பங்கு எழுதலாம், அவள் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் ஒரு வழி செய்யலாம், அதெல்லாம் உயிலில் வரும். ஆனால் பார்த்துக்கொள்ளும் ஆள் வேறு விஷயம். கலெக்டர் தலைமையில் ஒரு குழு இருக்கிறது, காப்பாளரை அவர்கள்தான் நியமிப்பார்கள். இப்போது நாங்கள் மனு கொடுக்கலாம். எங்களுக்குப் பிறகு யார் என்று இப்போதே பேசி, அந்த ஆளின் சம்மதத்தை எழுத்தில் வாங்கி வைப்பது நல்லது.

"இதுல ஒரு அத்தை பேர் போட்டிருக்கீங்களே. அவங்க சம்மதம் இருக்குதா?"

இல்லை என்று நான் தலையாட்டினேன்.

"இப்படி எழுதியிருக்கறது அவங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. சண்டைக்கு முன்னாலும் தெரியாது. அவள் எங்கள் வீட்டுக்கு வாரம் ஒரு முறை வந்துபோன காலத்தில்கூட நாங்கள் அவளிடம் சொன்னதில்லை. அத்தைதானே, சொல்ல என்ன இருக்கிறது என்று எழுதிவிட்டோம். ஒரு மனுஷியின் மிச்ச வாழ்நாளை ஒரு பத்தியில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவள் கொண்டுவந்த பலகாரத்தையும் சாப்பிட்டுவிட்டு அனுப்பியிருக்கிறோம்.

வெளியே வரும்போது வழக்கறிஞர் என்னிடம் இன்னொன்று சொன்னாள். மகளைப் பற்றி ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், என்ன பிடிக்கும், எதற்குப் பயப்படுவாள், எப்படித் தூங்குவாள் என்று. யார் பார்த்துக்கொண்டாலும் அது உதவும்.

அன்றிலிருந்து மத்தியான இடைவேளைகளில் எழுதினேன். சோறும் குழம்பும் தனித்தனி. தலை சீவும்போது சீப்பு இன்னொன்று அவள் கையில் இருக்க வேண்டும். மழை வருவதற்கு முன் முனகுவாள், வந்துவிட்டால் நிறுத்திவிடுவாள். மாத்திரையைத் தண்ணீரோடு தராதே, வாழைப்பழத்தில் வை. நிறைய எழுதிவிட்டேன் என்று நினைத்து அவரிடம் படித்துக் காட்டினேன். அவர் படுத்தபடியே கேட்டார்.

"குவியல் மேல தார்ப்பாய் போடறப்ப முன்னாடியே சொல்லணும். அத எழுதலியே."

"ஏன்?"

"வெள்ளையா இருந்தது திடீர்னு காணாம போவுதில்ல. அழுவா. 'மூடப் போறேன், மூடப் போறேன்'னு ரெண்டு வாட்டி சொல்லிட்டா சும்மா இருப்பா."

எனக்கு அது தெரியாது. அவள் பகல்களில் பாதி எனக்குத் தெரியாமலே அந்த வெள்ளைக்குள் நடந்திருக்கிறது. நான் எழுதினேன்.

"நீதான் கூப்பிடணும்" என்றார் அவர். "நான் கூப்பிட்டா தங்கச்சின்னு வந்துடுவா. அது வேற. அன்னிக்கு கூப்பிடாதது நீ."

நம்பரை வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கச் சுற்றினேன். கடைசியில் வாட்ஸப்பில் குரல் பதிவாக அனுப்பினேன். நான்கு முறை பேசி அழித்தேன். ஒன்றில் அழுதுவிட்டேன். ஒன்றில் ஆசிரியை மாதிரி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐந்தாவதில் இவ்வளவுதான் சொன்னேன்: "நான் அண்ணி பேசறேன். உன்னைக் கேக்காம உன் பேரை ஒரு உயில்ல எழுதி வச்சிருந்தோம். அவளை எங்களுக்கு அப்புறம் நீ பாத்துக்கணும்னு. அது செல்லாதாம். செல்லலைன்னு மாத்தறதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு. உனக்கு சம்மதமா, கையெழுத்து போடுவியான்னு கேக்கணும். இல்லன்னாலும் சொல்லு."

இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. பதில் இல்லை. வெள்ளி, சனி.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு அவர் அளத்தைப் பார்க்க வேண்டும் என்றார். விழுந்த பிறகு முதல் முறை. ஆட்டோவைச் சாலையில் நிறுத்திவிட்டு, அவருடைய நல்ல கையை நான் பிடிக்க, மகள் முன்னால் போக, ஓலைக் கொட்டகைவரை நடந்தோம். வேலைக்காரப் பெண்கள் இல்லை. காற்று பாத்தித் தண்ணீரைச் சுருக்கிச் சுருக்கி விட்டுக்கொண்டிருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து பேசாமல் பார்த்தார். பேசினால் அந்த மாலை உடைந்துவிடும் போல இருந்தது.

சாலையிலிருந்து வரப்பின்மேல் ஏதோ ஒன்று அசைந்தது. முதலில் ஒரு கோடு. பிறகு இரண்டு கோடுகள், ஒன்று நேராக, ஒன்று தண்ணீருக்குள் தலைகீழாக. கொக்கு என்று நினைத்தேன். அது நெருங்காமலே நெடுநேரம் நடந்தது. பிறகு திடீரென்று அதற்குப் புடவை நிறம் வந்தது, நரைத்த தலை வந்தது, கையில் தூக்கிப் பிடித்த செருப்பு வந்தது. அவளுக்கு நரைத்திருக்கும் என்று நான் நினைத்தே பார்த்ததில்லை.

என் கணவர் எழுந்திருக்கப் பார்த்தார்.

"உக்காருண்ணா. உழுந்து வைக்கப் போற" என்றாள். அவர் கையை எடுத்துப் பார்த்தாள், விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள், திரும்ப மடியில் வைத்தாள். பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"வூட்டுக்குப் போனேன். பூட்டியிருந்துது. பக்கத்து வூட்ல சொன்னாங்க." மூச்சு வாங்கியது. "மஞ்சத்தண்ணி ஊத்தக் கூப்பிடல. பேரை எழுதறப்பவும் கேக்கல. இப்ப கையெழுத்துன்னதும் நான் ஞாபகம் வந்துட்டேனா அண்ணி?"

"தப்புதான்" என்றேன்.

"தப்புன்னு ஒரு வார்த்தையில சொல்லிட்டா ஆச்சா? ஒன்பது வருஷம்."

மூன்று நாளும் அந்தக் குரல் பதிவைப் பலமுறை கேட்டதாகவும், கடையில் துணி வெட்டும்போதெல்லாம் என் குரலே கேட்டதாகவும் சொன்னாள். என் மகள் கொட்டகைக் கம்பத்துக்குப் பின்னால் பாதி மறைந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதின்மூன்று வயதில் பார்த்த அத்தையை நினைவிருக்கிறதா என்று அவள் முகத்தில் தேடினேன். தெரியவில்லை. அத்தை அவளிடம் போகவில்லை. கூப்பிடவும் இல்லை. கொஞ்சம் தள்ளி, வரப்பிலேயே, புடவையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"கையெழுத்து போட மாட்டேன்னு சொல்ல வரல. இப்ப போட மாட்டேன். இஸ்கூல் லீவு வுடட்டும், நீயும் இவளும் வந்து எங்க வூட்ல பத்து நாளு இருங்க. அப்புறம் நீ கிளம்பு, இவ இருக்கட்டும். இவளுக்கு என்னைப் புடிச்சா, நீ எங்க சொல்றியோ அங்க வந்து போடறேன். என்னைக் கேக்கலன்னு ஒன்பது வருஷம் கோவமா இருந்தேன் அண்ணி. இவளை இன்னும் யாருமே கேக்கல."